‘பாஸ்ட்’டை ‘பாஸ்’ என்று வாசிக்கும் குழந்தை: வீட்டு ஆங்கிலமும் பள்ளி ஆங்கிலமும்

“வென் ஐ பாஸ்ட் பை, ஐ ரெட் த போஸ்டர்ஸ்.”

1960களின் நடுவில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினச் சிறுவர்களின் பேச்சை ஆராய்ந்த மொழியியலாளர் வில்லியம் லபோவ், அவர்களுக்கு வாசிக்கக் கொடுத்த வாக்கியங்களில் இதுவும் ஒன்று. ‘அந்தப் பக்கமாகப் போனபோது சுவரொட்டிகளைப் படித்தேன்’ என்று பொருள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘படி’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ஒலி மட்டும் ‘ரீட்’, ‘ரெட்’ என்று மாறும். எந்த ஒலியில் வாசிப்பது என்பதை, முன்னால் வரும் ‘பாஸ்ட்’ என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளான ஈ, டி இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஒரு சிறுவன் “வென் ஐ பாஸ் பை, ஐ ரெட் த போஸ்டர்ஸ்” என்று வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கடைசி ‘ட்’ வாயில் வரவில்லை. ஆனால் ‘ரெட்’ சரியாக வந்துவிட்டது. அப்படியானால் ஈ, டி இரண்டும் அவன் கண்ணில் பட்டிருக்கின்றன, இது நடந்து முடிந்த சங்கதி என்பதும் புரிந்திருக்கிறது. இன்னொருவன் “ஐ பாஸ் பை, ஐ ரீட்” என்கிறான். அந்த எழுத்துகள் என்ன சொல்கின்றன என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் பையனுக்கு வாசிக்கத் தெரியும். இரண்டாவது பையனுக்குத்தான் பாடம் தேவை. இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்தி “பாஸ்ட், ட், ட்” என்று திருத்தும் ஆசிரியர் முதல் பையனின் வாசிப்பைக் கெடுக்கிறார். இரண்டாவது பையனுக்குத் தேவையானதையும் கொடுக்காமல் விடுகிறார்.

அமெரிக்கக் கறுப்பினத்தவர் பலர் வீட்டில் பேசும் ஆங்கிலத்துக்கு ‘எபோனிக்ஸ்’ என்று ஒரு பெயர் உண்டு. அதைப் பற்றிய சண்டை அங்கே கிளம்பும்போதெல்லாம் “பள்ளிக்கூடத்தில் கொச்சை ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போகிறார்களாம்” என்ற செய்திதான் நம்மவர்களுக்கு வந்து சேர்கிறது. உண்மையில் கேள்வி, மேலே சொன்ன இரண்டு பையன்களையும் ஆசிரியரால் பிரித்தறிய முடிகிறதா என்பதுதான்.

எந்த ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுகிறோம்

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் புழங்குவது, பாடப்புத்தக ஆங்கிலத்திலிருந்து ஒலியிலும் இலக்கணத்திலும் விலகிய ஒரு கிளைமொழி. மொழியியலாளர்கள் இதை ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலம் என்கிறார்கள். ‘எபோனிக்ஸ்’ என்ற பெயர், 1973இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் உளவியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் ‘எபனி’ (கறுப்பு), ‘ஃபோனிக்ஸ்’ (ஒலி) என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து உருவாக்கியது. இந்தக் கட்டுரையில் எளிமைக்காக ‘வீட்டு ஆங்கிலம்’, ‘பள்ளி ஆங்கிலம்’ என்றே சொல்கிறேன்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். கறுப்பினத்தவர் எல்லோரும் இதைப் பேசுவதில்லை. பேசுகிறவர்களும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பேசுவதில்லை. இதன் கூறுகள் பல தென் மாநிலங்களின் வெள்ளையர் பேச்சிலும் உண்டு. ஆகவே குழந்தையின் தோல் நிறத்தைப் பார்த்து அதன் மொழியை முடிவு செய்யக் கூடாது. அடுத்தது, இது ‘ஸ்லாங்’ இல்லை. ஸ்லாங் என்பது இன்றைக்கு வந்து நாளைக்குப் போகும் சொற்கள். கிளைமொழி என்பது தலைமுறைகளாக நிற்கும் ஒலியமைப்பும் இலக்கணமும்.

விதி இருக்கிறது என்றால் என்ன பொருள்

‘எல்லா மொழிக்கும் இலக்கணம் உண்டு’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. விதியைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

1. ‘இஸ்’ இல்லாத வாக்கியம். பள்ளி ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் டால்’. வீட்டு ஆங்கிலத்தில் ‘ஹி டால்’. சோம்பேறித்தனத்தால் ஒரு சொல்லை விட்டுவிட்டதாகத் தோன்றும். ஆனால் கண்ட இடத்தில் விட முடியாது. பள்ளி ஆங்கிலத்தில் எங்கே ‘ஹீஸ்’ என்று சுருக்க முடியுமோ அங்கே மட்டும்தான் வீட்டு ஆங்கிலத்தில் முழுக்க விடலாம். ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’ என்பதைப் பள்ளி ஆங்கிலத்தில் ‘வேர் ஹீஸ்’ என்று சுருக்க முடியாது. வீட்டு ஆங்கிலத்திலும் ‘வேர் ஹி’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஐ ஆம்’ என்பதிலும், இறந்தகால ‘வாஸ்’ என்பதிலும் விடுவதில்லை. இத்தனை நிபந்தனைகளையும் ஐந்து வயதுக் குழந்தை பிசகாமல் பின்பற்றுகிறது. தமிழருக்கு இது புதுமையே இல்லை. ‘அவர் ஆசிரியர்’, ‘இவள் என் தங்கை’ என்று ‘இஸ்’ இல்லாமல்தான் நாம் காலங்காலமாகப் பேசுகிறோம், எழுதுகிறோம். ரஷ்ய மொழியும் அரபியும்கூட அப்படித்தான்.

2. வழக்கத்தைக் காட்டும் ‘பி’. ‘ஹி வொர்க்கிங்’ என்றால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறான். ‘ஹி பி வொர்க்கிங்’ என்றால் வழக்கமாக வேலை செய்வான். இந்த நிமிடம் தூங்கிக்கொண்டும் இருக்கலாம். நம் பேச்சில் ‘அவன் டீக்கடையில நிக்கிறான்’ என்பதற்கும் ‘அவன் டீக்கடையில நிப்பான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அப்படியே இதுதான். ஜேனிஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் குழந்தைகளிடம் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடரின் பொம்மைகள் உள்ள ஒரு படத்தைக் காட்டினார். பிஸ்கட் தின்பதற்கே பெயர் போன குக்கி மான்ஸ்டர் காய்ச்சலில் படுத்திருக்கிறது; பக்கத்தில் எல்மோ பிஸ்கட் தின்கிறது. இப்போது தின்பது யார் என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளும் எல்மோ என்றார்கள். ‘ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்’ என்று கேட்டபோது, வீட்டு ஆங்கிலம் பேசும் குழந்தைகள் குக்கி மான்ஸ்டரைக் காட்டினார்கள். படத்தில் அதன் வாயில் பிஸ்கட்டே இல்லை.

3. அழுத்திச் சொல்லும் ‘பின்’. ‘ஷி பின் மேரீட்’ என்று ‘பின்’ என்ற இடத்தில் அழுத்தினால், எப்போதோ திருமணமாகிவிட்டது, இன்றும் கணவருடன்தான் இருக்கிறாள் என்று பொருள். 1970களில் மொழியியலாளர் ஜான் ரிக்ஃபோர்ட் இந்த வாக்கியத்தைச் சொல்லி, அவளுக்கு இப்போது கணவன் இருக்கிறானா என்று கேட்டார். கறுப்பினத்தவர் 25 பேரில் 23 பேர் ‘ஆம்’ என்றார்கள். வெள்ளையர் 25 பேரில் 8 பேர் மட்டுமே. காது கேட்கிறது, சொற்கள் தெரிகின்றன, பொருள் மட்டும் தலைகீழாகிறது. வகுப்பறையில் இதுதான் ஆபத்து. முற்றிலும் புரியாத மொழி என்றால் ஆசிரியர் உஷாராக இருப்பார். பாதி புரிவதால், முழுவதும் புரிந்ததாக நினைத்துக்கொள்கிறார்.

4. உடைமை. ‘மை மாமாஸ் ஹவுஸ்’ என்பது ‘மை மாமா ஹவுஸ்’ ஆகிறது. நாமும் ‘எங்க அம்மா வீடு’ என்றுதான் சொல்கிறோம். ‘எங்கள் அம்மாவினுடைய வீடு’ என்று விரித்தால்தான் பொருள் விளங்கும் என்பதில்லை. இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து நிற்பதே உடைமையைக் காட்டிவிடுகிறது.

5. சொல்லின் கடைசியில் மெய்க்கூட்டம். ‘டெஸ்ட்’ என்பது ‘டெஸ்’, ‘ஹேண்ட்’ என்பது ‘ஹேன்’, ‘கோல்ட்’ என்பது ‘கோல்’ ஆகும். ஆனால் ‘ஜம்ப்’ ஒருபோதும் ‘ஜம்’ ஆகாது, ‘பெல்ட்’ ‘பெல்’ ஆகாது. கடைசி இரண்டு மெய்களும் தொண்டை அதிர்வோடு பிறப்பவையாகவோ, இரண்டும் அதிர்வில்லாதவையாகவோ இருந்தால்தான் கடைசி மெய் விழும். ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்றால் விழாது. இந்த விதியை எந்த ஆசிரியரும் எந்தக் குழந்தைக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

‘ஆஸ்க்’ என்பதை ‘ஆக்ஸ்’ என்று சொல்வதற்குத்தான் வேறு எதற்கும் இல்லாத அளவுக்குக் கேலி கிடைக்கிறது. அந்த வடிவம் பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. 1535இல் அச்சான கவர்டேல் விவிலியத்தில் ‘கேளுங்கள், தரப்படும்’ என்ற வரி அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. ஒரு வடிவம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது அதன் ஒலியில் இல்லை. அதை யார் பேசுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

பிறகு ஏன் வாசிப்பில் இடிக்கிறது

வீட்டு ஆங்கிலம் குறையுள்ள மொழி இல்லை என்பதால், பள்ளியில் இடரே இல்லை என்று ஆகிவிடாது. மூன்று இடங்களில் குழந்தை கூடுதல் பாரம் சுமக்கிறது.

ஒன்று, எழுத்தும் ஒலியும். ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது ‘நீ சொல்வது போலவே எழுத்துகளைக் கூட்டு’ என்கிறார்கள். ‘பாஸ்’, ‘பாஸ்ட்’ இரண்டும் அந்தக் குழந்தைக்கு ஒரே ஒலி. ‘மவுத்’ அதன் வாயில் ‘மவுஃப்’. ‘டோல்’ என்பதும் ‘டோ’ என்பதும் பல குழந்தைகளுக்கு ஒன்றாகவே கேட்கும். மற்றக் குழந்தைகளைவிட ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கும் சொற்கள் இதற்கு அதிகம்.

இரண்டு, இலக்கணக் குறிகள். இறந்தகாலத்தைக் காட்டும் ஈ, டி, மூன்றாம் ஆள் ஒருமை வினையின் எஸ் (‘ஹி வாக்ஸ்’), உடைமையின் எஸ். இவை மூன்றும் சொல்லின் கடைசியில் ஒட்டுபவை, மெல்லிய ஒலி உடையவை. வீட்டு ஆங்கிலம் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இவற்றைத்தான்.

மூன்றாவது இடர் மொழியில் இல்லை, எதிரே நிற்கும் பெரியவரிடம் இருக்கிறது. ‘இந்தக் குழந்தைக்குச் சரியாகப் பேசவே வரவில்லை’ என்ற எண்ணம் விழுந்துவிட்டால் எளிமையான பாடம், குறைவான கேள்வி, பின்தங்கியோர் குழு என்று வரிசையாக வரும்.

தமிழ்ப் பிள்ளையும் பேச்சுத் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் நடுவே ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம் வகுப்பறையில் ஆசிரியரும் வீட்டில் பேச்சுத் தமிழ்தான் பேசுகிறார். அந்தப் பள்ளத்தை அவரும் சிறுவயதில் தாண்டி வந்தவர்தான். அமெரிக்க வகுப்பறையில் பல ஆசிரியர்களுக்கு வீட்டு மொழியே பாடமொழிக்கு மிக அருகில் இருப்பது. அவருக்குப் பள்ளமே கண்ணில் படுவதில்லை. குழந்தை தடுக்கி விழுவது மட்டும் தெரிகிறது.

மதிப்பெண் இடைவெளி முழுவதையும் கிளைமொழியின் தலையில் கட்டவும் கூடாது. வறுமை, பள்ளிக்குக் கிடைக்கும் நிதி, அனுபவமுள்ள ஆசிரியர்கள் கிடைப்பது என எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. கிளைமொழி அந்தப் பின்னலில் ஓர் இழை. பள்ளிக்கூடம் பணச் செலவு அதிகமில்லாமல் கைவைக்கக்கூடிய இழை என்பதுதான் அதன் முக்கியத்துவம்.

ஆன் ஆர்பர், 1979, ஓக்லண்ட், 1996

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான தொடக்கப்பள்ளியில் படித்த 11 கறுப்பினக் குழந்தைகள் சார்பில் வழக்கு நடந்தது. குழந்தைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததால் அவர்கள் வாசிக்கக் கற்கவில்லை என்பது வாதம். மாணவர்களின் மொழித் தடையைக் களையப் பள்ளிகள் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 1974ஆம் ஆண்டின் சமக் கல்வி வாய்ப்புச் சட்டம். 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் குழந்தைகள் பக்கம் தீர்ப்பளித்தார். தடை கிளைமொழியிலேயே இருப்பதாக அவர் சொல்லவில்லை. தம்மை அறியாமலேயே ஆசிரியர்கள் அந்த மொழியை நிராகரிப்பதும், அதைத் தெரிந்துகொண்டு பாடம் நடத்தாததும்தான் தடை என்றார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டம் வகுக்கும்படி உத்தரவிட்டார். குழந்தைகளை மாற்றச் சொல்லாமல் பெரியவர்களைப் படிக்கச் சொன்ன தீர்ப்பு அது.

கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் கதை வேறு விதமாகப் போனது. அங்கே மாணவர்களில் 53 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். சிறப்புக் கல்விப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவர்கள் 71 சதவீதம். மாவட்டச் சராசரித் தரப்புள்ளி (4க்கு) 2.40 ஆக இருக்க, அவர்களுடையது 1.80. 1996 டிசம்பர் 18 அன்று பள்ளி வாரியம் எபோனிக்ஸை அங்கீகரித்து, அதை அடிப்படையாகக் கொண்டு பள்ளி ஆங்கிலம் கற்பிக்கத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் வாசகம் மோசமாக இருந்தது. எபோனிக்ஸ் ‘மரபணு அடிப்படையிலானது’ என்று படிக்க இடமளிக்கும் ஒரு சொற்றொடரும், அது ஆங்கிலமே இல்லை, தனி மொழி என்ற கூற்றும் அதில் இருந்தன. நாடு முழுக்கக் கொந்தளித்தது. 1997 ஜனவரி நடுவில் வாசகத்தைத் திருத்தினார்கள். அதே மாதம் அமெரிக்க மொழியியல் சங்கம், இது விதிகளுக்கு உட்பட்ட முறையான மொழிவகை என்றும், பள்ளி ஆங்கிலம் கற்பிக்க வீட்டு ஆங்கிலத்தைப் பயன்படுத்துவது மொழியியல்படியும் கற்பித்தல்படியும் சரி என்றும் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குள் ‘கொச்சை ஆங்கிலம் கற்பிக்கப் போகிறார்கள்’ என்ற செய்தி மக்கள் மனதில் உறைந்துவிட்டிருந்தது. ஓக்லண்டின் நோக்கம் அதற்கு நேர் எதிரானது.

திருத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்

‘தப்பாகச் சொல்லும்போதெல்லாம் திருத்து, தானாகச் சரியாகிவிடும்’ என்பதுதான் பெரும்பாலோரின் நம்பிக்கை. இதே ஓக்லண்டில் முதல் வகுப்புக் குழந்தைகள் 200க்கும் மேற்பட்டோரைக் கவனித்து ஆன் பீஸ்ட்ரப் என்ற ஆய்வாளர் 1973இல் எழுதியது இந்த நம்பிக்கையைத் தகர்க்கிறது. குழந்தை வாசிக்கும்போது உச்சரிப்புக்காக இடைமறித்துக்கொண்டே இருந்த ஆசிரியர்களின் வகுப்புகளில் வாசிப்பு மதிப்பெண் குறைவாக இருந்தது. குழந்தைகளின் பேச்சுத் தாளத்தோடு ஒட்டிப் பேசி, அதே நேரத்தில் எழுத்தையும் கவனமாகக் கற்பித்த ஆசிரியர்களின் வகுப்புகளில் மதிப்பெண் உயர்ந்தது.

இதன் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினால் குழந்தையின் கவனம் பொருளை விட்டு வாயசைவுக்குத் தாவுகிறது. இரண்டு மூன்று முறை நிறுத்தினால் கதையின் இழை அறுந்துபோகிறது. இருபது முறை நிறுத்தினால் வாசிப்பது என்றாலே அவமானம் என்று மனதில் பதிகிறது. போதாததற்கு, ‘பாஸ்ட் என்று சொல்’ என்று ஆசிரியர் சொல்லும்போது குழந்தையின் காதில் விழுவது அது ஏற்கெனவே சொன்ன அதே சொல்தான். தான் எதை மாற்ற வேண்டும் என்றே அதற்குத் தெரியாது.

எழுத்திலும் இப்படித்தான். சிகாகோ அருகே அரோரா பல்கலைக்கழகத்தில் ஹான்னி டெய்லர் கறுப்பினக் கல்லூரி மாணவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து 11 வாரம் பாடம் நடத்தினார். 1989இல் முடிவுகள் வெளிவந்தன. வழக்கமான முறையில் திருத்தப்பட்ட குழுவின் எழுத்தில் வீட்டு ஆங்கிலக் கூறுகள் 8.5 சதவீதம் கூடியிருந்தன. இரண்டு ஆங்கிலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கற்ற குழுவில் அவை 59.3 சதவீதம் குறைந்திருந்தன. அது சிறிய ஆய்வு, கல்லூரி மட்டத்தில் நடந்தது. அதை மட்டும் வைத்துக் கொடி பிடிக்க முடியாது. ஆனால் மாற்றம் நிகழ்ந்த திசை தெளிவாக இருக்கிறது.

ஒப்பிட்டுக் கற்பித்தல்: ஒரு பாடம் எப்படி நடக்கும்

விர்ஜினியாவில் மொழியியலாளர் ரெபேக்கா வீலரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ரேச்சல் ஸ்வோர்ட்ஸும் வகுப்பறைக்கு ஏற்றபடி செப்பனிட்ட முறை இது. இரண்டு அல்லது மூன்றாம் வகுப்பிலிருந்தே செய்யலாம். உடைமைக் குறியை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1. முதலில் நோட்டுகளை எடுத்து எண்ணுங்கள். வகுப்பின் ஒரு செட் கட்டுரை போதும். எந்த வடிவம் எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டுக்கொண்டே போனால், சிவப்பு மையின் பெரும்பகுதியை ஏழெட்டு வடிவங்களே தின்கின்றன என்பது தெரியும். அதிகம் வரும் ஒன்றை மட்டும் இந்த வாரத்துக்கு எடுங்கள்.

2. நான்கைந்து வாக்கியங்களைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் எழுதியவையாகவே இருக்கட்டும், பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். எடுத்த கூறைத் தவிர மற்ற எழுத்துப்பிழைகளைத் திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் குழந்தைகளின் கண் வேறெங்கோ போகும்.

3. சார்ட் தாளில் இரண்டு பத்தி. இடது பத்தியின் தலைப்பு ‘வீட்டுப் பேச்சு’, வலது பத்தியின் தலைப்பு ‘பள்ளி எழுத்து’. இடப்பக்கம் ‘மை கசின் பைக்’, ‘த டாக் டெயில்’. வலப்பக்கம் ‘மை கசின்ஸ் பைக்’, ‘த டாக்ஸ் டெயில்’. மாறும் இடத்தில் மட்டும் அடிக்கோடு.

4. இடப்பக்கத்தின் விதியை முதலில் கேளுங்கள். ‘பைக் யாருடையது? எப்படித் தெரிந்தது?’ குழந்தைகள் யோசித்துச் சொல்வார்கள்: ‘யாருடையதோ அவர் முன்னால், பொருள் பின்னால்.’ நான்கு வாக்கியத்திலும் அந்த விதி பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பாடத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. தன் வீட்டுப் பேச்சுக்கும் விதி உண்டு என்று குழந்தை கண்டுபிடிக்கும்போது தலை நிமிர்கிறது. அதன் பிறகு வலப்பக்கத்தைப் பார்க்க அதற்குத் தயக்கம் இருக்காது.

5. வலப்பக்கத்தின் விதி. ‘யாருடையதோ அவர், மேலே ஒரு கொக்கி, ஒரு எஸ், அப்புறம் பொருள்.’ இதையும் குழந்தைகளின் சொற்களிலேயே சார்ட்டில் எழுதுங்கள்.

6. இரு திசையிலும் பயிற்சி. இடமிருந்து வலத்துக்கும் வலமிருந்து இடத்துக்கும் மாற்றச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஐந்து வாக்கியம் போதும்.

7. சொந்த எழுத்தில் தேடல். எழுதி முடித்த பிறகுதான் தேட வேண்டும். முதல் வரைவில் கை வைக்காதீர்கள். மஞ்சள் ஹைலைட்டரைக் கொடுத்து, இந்த வார விதிக்குரிய இடங்களை மட்டும் குழந்தையே தேடி மாற்றட்டும். சார்ட் சுவரிலேயே இருக்கட்டும். அடுத்த கூறு அதன் பக்கத்தில் வரும்.

கதையில் பாட்டி பேசும் இடத்தில் வீட்டு ஆங்கிலம் வந்தால் அதை மாற்றச் சொல்லக் கூடாது. எங்கே எது பொருந்தும் என்று குழந்தை தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

ஒலி சார்ந்த சிக்கலுக்கு வேறு வழி. ‘டெஸ்’ என்று சொல்லும் குழந்தையிடம் ‘டெஸ்ட்’ என்று பத்து முறை சொல்லச் சொல்லாமல், ‘டெஸ்டிங்’ என்று சொல்லச் சொல்லுங்கள். பின்னால் உயிரொலி வந்தால் பெரும்பாலான குழந்தைகளின் வாயில் அந்த ‘ட்’ தானே திரும்பி வரும். ‘ஒளிந்திருந்த எழுத்து வெளியே வந்ததா?’ என்று கேட்டு, அதை எழுத்தில் காட்டுங்கள். எழுத்துக்கூட்டல் சோதனையில் சொல்லைத் தனியாகச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

எங்கே சறுக்கும்

தலைப்பை ‘தவறு, சரி’ என்று எழுதிவிட்டால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். மீதி ஆறு படியும் வெறும் திருத்தமாகிவிடும். ஆசிரியர் தாமே வீட்டு ஆங்கில வாக்கியத்தைக் கற்பனை செய்து எழுதுவதும் ஆபத்து. விதி தெரியாமல் ‘வேர் ஹி’ போன்ற ஒன்றை எழுதிவைப்பார். அப்படி யாரும் பேசுவதில்லை என்று குழந்தைகளுக்குத் தெரியும். தங்களைக் கிண்டல் செய்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

அளவு மீறிய திருத்தமும் வரும். மூன்றாம் ஆள் ஒருமைக்கு எஸ் என்று படித்த வாரத்தில் ‘ஐ வாக்ஸ்’, ‘தே வாக்ஸ்’ என்று எல்லாவற்றுக்கும் எஸ் போடுவார்கள். இது பின்னடைவு இல்லை. விதி பிடிபட்டு, எல்லை இன்னும் பிடிபடாத நிலை. சார்ட்டுக்குக் கீழே ‘யாருக்கு எஸ் வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்தால் தணியும்.

பெற்றோரிடமிருந்தே எதிர்ப்பு வருவதும் உண்டு. அதை அறியாமை என்று தள்ளக் கூடாது. ‘என் பிள்ளையை இரண்டாம் தர மொழியில் அடைத்துவிடுவார்கள்’ என்ற பயத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1977இல் வந்த ‘பிரிட்ஜ்’ என்ற வாசிப்புப் பாடத்தொகுப்பு இதற்கு உதாரணம். கதைகள் வீட்டு ஆங்கிலத்தில் தொடங்கி, இடைநிலை நடைக்கு வந்து, பள்ளி ஆங்கிலத்தில் முடியும். நான்கு மாதக் கள ஆய்வில் அதைப் படித்த மாணவர்களின் வாசிப்பு 6.2 மாத அளவுக்கு முன்னேறியது. வழக்கமான பாடம் படித்தவர்களுடையது 1.6 மாத அளவுக்குத்தான். இருந்தும், பாடநூலில் வீட்டு ஆங்கிலம் அச்சாவதை ஏற்காதவர்களின் எதிர்ப்பால் பதிப்பாளர் அதைக் கைவிட்டார். ஆகவே முதல் சார்ட் சுவரில் ஏறுவதற்கு முன்பே பெற்றோரை அழைத்து வலது பத்தியைக் காட்டுங்கள். பிள்ளை போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான் என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

வாசிப்பு வேகத் தேர்வில் மதிப்பெண் போடுவது

அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணுவார்கள். டிபெல்ஸ் போன்ற தேர்வுகளின் விதியே, கிளைமொழி காரணமான உச்சரிப்பு வேறுபாட்டைப் பிழையாகக் கணக்கிடக் கூடாது என்கிறது. ஆனால் பென்சில் பிடித்திருப்பவருக்குக் கிளைமொழியின் விதிகள் தெரியாவிட்டால் அந்த விலக்கு தாளில் மட்டும்தான் இருக்கும். ஒரு கணக்கு: குழந்தை நிமிடத்துக்கு 80 சொல் வாசிக்கிறது, உண்மையான பிழை 3, ‘வாக்ஸ்’ என்பதை ‘வாக்’ என்றும் ‘வித்’ என்பதை ‘விஃப்’ என்றும் சொன்ன இடங்கள் 9. விதிப்படி மதிப்பெண் 77. தெரியாமல் போட்டால் 68. தேர்ச்சிக் கோடு இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் அந்தக் குழந்தை தேவையில்லாத உதவிக் குழுவில் போய் உட்காரும்.

பிரித்தறிய மூன்று கேள்விகள்:

1. இந்த வேறுபாடு கிளைமொழியின் விதி எதிர்பார்ப்பதுதானா? ‘வித்’ ‘விஃப்’ ஆவது விதி. ‘ஹார்ஸ்’ ‘ஹவுஸ்’ ஆவது வாசிப்புப் பிழை.
2. பேசும்போதும் குழந்தை அப்படித்தான் சொல்கிறதா? பேச்சில் சரியாக வரும் சொல் வாசிப்பில் மட்டும் இடறினால் அது எழுத்தில் உள்ள சிக்கல்.
3. பொருள் புரிந்ததா? ‘இது நேற்று நடந்ததா, தினமும் நடப்பதா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். போஸ்டர் வாக்கியத்தில் லபோவ் செய்த வேலையை இந்தக் கேள்வி செய்துவிடும்.

மொழிக் குறைபாடா, மொழி வழக்கா

கடைசிக் கட்டம் இதுதான், விளைவு மிகப் பெரியதும் இதுதான். பேச்சுச் சிகிச்சைக்கோ சிறப்புக் கல்விக்கோ ஒரு குழந்தையை அனுப்பும்போது மொழித் தேர்வு வைப்பார்கள். பழைய தேர்வுகளில் பல, இறந்தகால ஈ-டி, மூன்றாம் ஆள் எஸ் போன்றவற்றைக் குழந்தை சொல்கிறதா என்றுதான் பார்க்கும். வீட்டு ஆங்கிலம் விட்டுவிடுவதும் அவற்றைத்தான். அதனால் ஆரோக்கியமான குழந்தைக்கும் குறைபாட்டு முத்திரை விழும். அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் 1983லேயே எந்த ஆங்கிலக் கிளைமொழியும் நோயோ குறைபாடோ இல்லை என்று அறிவித்துவிட்டது.

தலைகீழான தவறும் நடக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ‘இது அவர்கள் வழக்கு’ என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால், வீட்டு ஆங்கிலம் பேசும் குழந்தைகளிலேயே உண்மையான மொழிக் குறைபாடு உள்ள குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காமல் போகும். ஹாரி சீமோரும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கி 2000களின் முற்பகுதியில் வெளிவந்த டெல்வ் தேர்வு இந்த முடிச்சை அவிழ்த்த விதம் அழகானது. இரண்டு ஆங்கிலத்திலும் வேறுபடும் கூறுகளை விட்டுவிட்டு, இரண்டுக்கும் பொதுவான ஆழமான திறன்களை அது சோதிக்கிறது. சிக்கலான கேள்வியைப் புரிந்துகொள்வது, புதுச் சொல்லின் பொருளை வாக்கிய அமைப்பிலிருந்து ஊகிப்பது, கதையைக் கோவையாகச் சொல்வது போன்றவை. இவற்றில் தடுமாறும் குழந்தை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் அதற்கு உதவி தேவை.

சிறப்புக் கல்விக்கான கூட்டத்துக்குப் பெற்றோரை அழைத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்கள் கேட்க வேண்டியவை மூன்று. எந்தத் தேர்வு வைத்தீர்கள்? அதில் வீட்டு ஆங்கில விடைகளுக்கு எப்படி மதிப்பெண் போட்டீர்கள்? என் பிள்ளை தவறியதாகச் சொல்லும் கேள்விகளில் எத்தனை, வீட்டில் நாங்கள் பேசும் வடிவத்தைப் பற்றியவை? மூன்றாவது கேள்விக்கு எண்ணில் பதில் வரும்வரை கையெழுத்தைத் தள்ளிவைக்கலாம்.